தாய்மாருக்கு மாத்திரம் ஏன் வகுப்பு?

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நாம் நடத்திய பெற்றோர் கருத்தமர்வு அது. அறிவித்தலில் 'பெற்றோர்' என்றுதான் எழுதியிருந்தோம். வந்து அமர்ந்தவர்களோ தாய்மார். ஆண்கள் இருவர் தலைகாட்டினர். ஒருவர் ஒலிபெருக்கிக்கு வயர் இழுத்துக் கொடுத்தவர். மற்றவர் தோட்டத் தலைவர். வரவேற்புரை சொல்லிவிட்டு, அவசர வேலை இருக்கிறதென்று போய்விட்டார்.

பிள்ளைகளை அடிக்காமல் வளர்ப்பது எப்படி, அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று ஒன்றரை மணித்தியாலம் பேசினோம். படங்களும் காட்டினோம். கேள்வி நேரம் வந்தபோது, மலையிலிருந்து நேரே வந்து, இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தாய் எழுந்தார்.

"சாமி, புள்ளைய அடிக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். நான் புள்ள மேல உள்ள கோவத்துல அடிக்கல. அவரு மேல உள்ள கோவத்துல அடிக்கிறேன். அடிச்சிட்டு ராத்திரி முழுக்க அழுவுறேன். இதுக்கு என்னா வகுப்பு இருக்கு?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. செபத்தோடு கூட்டத்தை முடித்தோம். ஆனால் அந்தத் தாய் கேட்டது எம்மை விடவில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஊவாவின் தோட்டங்களில் நாமும் எம்மைப் போன்ற பிற நிறுவனங்களும் ஆண்டாண்டாகச் செய்து வருகின்ற வேலையின் அத்திவாரமே பிழையோ என்ற ஐயம் அன்று எமக்கு எழுந்தது. இன்று அது ஐயமாக இல்லை. பிழைதான் என்று சொல்லத் துணிகிறோம்.

ஒரு தோட்டத்துத் தாயின் நாளை எடுத்துக்கொள்வோம். அதிகாலை நான்கு, நான்கரைக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊற்றி, ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிறார். நியமிக்கப்பட்ட கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப்பேர். மாலையில் கொழுந்து நிறுத்து வீடு வந்த பின் தண்ணீர், விறகு, சமையல், துவையல். கவ்வாத்து, உரம் போடுதல், முள்ளுக்குத்துதல் போன்ற கணக்கு வேலை செய்யும் ஆண்களில் பலர் பகல் இரண்டு மணிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகின்றனர். நாட்சம்பளம் இருவருக்கும் ஒன்று. அந்தச் சமத்துவமும் 1984ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதற்கு முன் பெண்ணுக்குக் குறைவு. சம்பளம் சமமாகி நாற்பது ஆண்டுகள் கடந்தும் நாளின் மணித்தியாலங்கள் சமமாகவில்லை. இந்த இரட்டைச் சுமையை ரேச்சல் குரியன் 1982இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் வெளியிட்ட தமது ஆய்விலேயே எடுத்துக்காட்டினார்.

இப்படிப்பட்ட ஒருவரை மாலை நான்கரைக்குப் பிடித்து உட்கார வைத்து, "பிள்ளையோடு தரமான நேரத்தைச் செலவிடுங்கள்" என்று நாம் போதித்திருக்கிறோம். அதே நேரத்தில் அவருடைய கணவர் கரப்பந்து மைதானத்திலோ, கடையடியிலோ, சும்மா இஸ்தோப்பிலோ இருந்தார். அவரை நாம் அழைக்கவில்லை. அழைத்தாலும் வரமாட்டார் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். தாயை மாத்திரம் அழைத்ததன் மூலம் பிள்ளை கெட்டுப்போனால் அதற்குத் தாயே பொறுப்பு என்று சொல்லாமல் சொல்லிவிட்டோம். ஏற்கெனவே மாமியாரும் அயலவரும் பாடசாலை ஆசிரியர்களும் சொல்லிக் கொண்டிருந்ததை, படங்களோடும் ஒலிபெருக்கியோடும் நாம் உறுதிப்படுத்தினோம்.

கணவன் மனைவிக்கிடையே உள்ள உறவு பிள்ளைமேல் வழிந்தோடுகிறது என்பது உளவியலாளர் பலகாலமாக ஆராய்ந்த விடயம். ஏரெல், பர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் அதுவரை வெளிவந்த 68 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தம்பதியரிடையே உறவு நன்றாக இருக்கும் வீட்டில் பெற்றோர்-பிள்ளை உறவும் நன்றாக இருக்கிறது. அங்கே கசப்பு இருந்தால் இங்கேயும் கசப்பு என்பதே அவர்கள் கண்டது. கணவனிடம் கிடைக்காத அன்பைத் தாய் பிள்ளைமேல் இரட்டிப்பாகக் கொட்டி ஈடு செய்துவிடுவாள் என்று நம்மில் பலர் நம்புகிறோம். திரைப்படங்களும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கின்றன. பொதுவாக அப்படி நடப்பதில்லை என்றே அந்த 68 ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த மொத்த முடிவு காட்டியது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கு நாடுகளில், தனி அறையும் கதவும் உள்ள வீடுகளில் வாழ்பவர்களிடையே நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் கசப்பு வழிந்தோட அதிக தூரம் இல்லை.

திருவள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறையையும் இங்கே நினைக்கலாம். வாழ்க்கைத் துணைநலம் ஆறாவது, மக்கட்பேறு ஏழாவது. நமது திட்டங்களோ ஆறைத் தாண்டி ஏழில் தொடங்குகின்றன.

கணவன் மனைவி சண்டை என்றால் கூச்சலும் அடியும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. எமது அனுபவத்தில் பிள்ளைகளை அதிகம் உலுக்குவது சத்தமில்லாத சண்டை. ஹாலி-எலப் பக்கத்து லயமொன்றில் நாம் தேத்தண்ணி குடித்துக் கொண்டிருந்தபோது, ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி அடுப்படிக்கும் இஸ்தோப்புக்கும் இடையே போய் வந்து கொண்டிருந்தாள். "அப்பா, சோறு இருக்காம்." "அம்மா, அப்பாவுக்கு வேணாமாம்." "அப்பா, வேணாட்டி அம்மா தண்ணி ஊத்திருவாங்களாம்." இரு பெரியவர்களுக்கும் இடையில் இருந்த தூரம் எட்டடி. அவர்கள் ஒருவரோடொருவர் பேசி எத்தனை நாளாயிற்றோ தெரியவில்லை. அந்தப் பிள்ளை அந்த வீட்டின் தபாற்காரியாக வேலை செய்து கொண்டிருந்தாள். சம்பளமில்லாத வேலை. பாடசாலையில் அவள் கவனிப்பதில்லை என்று ஆசிரியை முறைப்பட்டதைப் பின்னர் அறிந்தோம். அவள் எங்கே கவனிப்பாள்? அவளுடைய கவனம் முழுவதும் வீட்டில் தேவைப்பட்டது.

இவ்விடயத்தில் மார்க் பைன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் முன்வைத்த விளக்கம் எமக்குப் பயன்பட்டது. நல்ல கணவன் மனைவியாக இருப்பது வேறு, சேர்ந்து பிள்ளை வளர்ப்பது வேறு. இரண்டும் நெருங்கிய உறவுடையவை, ஆனால் ஒன்றல்ல என்கிறார் அவர். பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பதில் இருவருக்கும் உடன்பாடு உண்டா, வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், பிள்ளையின் முன்னால் ஒருவரையொருவர் தாங்குகிறார்களா அல்லது வெட்டிவிடுகிறார்களா, பிள்ளையைத் தமது சண்டைக்குள் இழுக்கிறார்களா என்றெல்லாம் அவர் பார்க்கச் சொல்கிறார். இவற்றுள் 'வெட்டிவிடுதல்' நமது தோட்டங்களில் நாளாந்தக் காட்சி. காய்ச்சல் பிள்ளைக்கு ஐஸ்பழம் வேண்டாம் என்று தாய் மறுப்பாள். சம்பள நாளில் சற்றுப் போதையில் வரும் தகப்பன் அதையே வாங்கிக் கொடுத்து "ஒங்கம்மா கஞ்சப்பிசினாரி" என்பான். தகப்பன் படிக்கச் சொன்னால் தாய், "இவரு படிச்சுக் கிழிச்சதுக்கு" என்பாள். ஒரே ஒரு வசனம். பிள்ளைக்கு அதன்பின் இருவர் சொல்லும் செல்லாக்காசு.

தோட்டத்தில் கணவன் மனைவி திருப்தியாக வாழ்வது எதில் தங்கியிருக்கிறது? இதைப் பல தம்பதியரிடம், கூடுமானவரை தனித்தனியாக, நாம் கேட்டுப் பார்த்தோம். காதல், பாசம் என்ற சொற்கள் அதிகம் வரவில்லை. பெண்கள் சொன்னவை மிகச் சிறியவை. சம்பளக் காசை யார் கையில் வாங்குவது. மலையால் வரும்போது அடுப்பில் தண்ணீர் கொதித்திருக்குமா. தம் தாய் வீட்டாரை அவர் பிள்ளைகளின் முன்னால் ஏசாமல் இருப்பாரா. ஒரு பெண், "நான் பேசி முடிக்கிற வரைக்கும் எந்திரிச்சுப் போகாம இருந்தாப் போதும்" என்றார். ஆண்கள் பேச நேரம் எடுத்தனர். பேசியபோது மதிப்பு என்ற சொல்லைச் சுற்றியே வந்தனர். துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் நாள் முழுவதும் ஏச்சு வாங்கியவனுக்கு வீட்டிலாவது மரியாதை வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதே ஏச்சை மனைவியும் வாங்கிவிட்டுத்தான் வருகிறாள் என்பதை நாம் நினைவூட்டியபோது ஒருவர், "அதுவும் சரிதான்" என்றார். மற்றவர்கள் சிரித்தனர்.

தனிமை இல்லாமையைப் பற்றி ஒருவரும் வெளிப்படையாகப் பேசவில்லை. குருவானவரிடம் எப்படிப் பேசுவார்கள்? கலியாணம் கட்டாதவரிடம் குடும்ப வாழ்க்கையின் சூட்சுமங்களைச் சொல்லி ஆகப் போவதென்ன என்று எம் முகத்துக்கு நேரே கேட்ட ஒரு பாட்டியும் உண்டு. ஆயினும் கண் இருப்பவர் எவருக்கும் இது தெரியும். ஒரே காம்பராவில் பெற்றோர், வளர்ந்த பிள்ளைகள், மணமாகி வந்த மருமகள், வயோதிபத் தாய். தம்பதியர் ஒருவரோடொருவர் தாழ்ந்த குரலில் ஐந்து நிமிடம் பேச இடமில்லை. சமாதானமாகவும் இடமில்லை, ஒழுங்காகச் சண்டை பிடிக்கவும் இடமில்லை. லயத்துச் சுவருக்கு மேலே கூரை வரைக்கும் அடைப்பில்லாத இடங்களில் பக்கத்து வீட்டார் தீர்ப்பும் சொல்வார்கள். மாசி மாதத்தில் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் பிரிவதைப் பார்த்துக் கண்ணீர் விடும் மக்களுக்கு, தங்கள் சொந்த வீட்டில் ரதி மன்மதனாக இருக்க நாலு சுவர் கிடைப்பதில்லை. வீடமைப்பைப் பற்றிப் பேசும்போது கூரையையும் மலசலகூடத்தையும் கணக்கெடுக்கிறோம். தம்பதியருக்கு ஒரு கதவு என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மதுவைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. கசிப்பும் சாராயமும் செய்யும் நாசத்தை வாசகர் நன்கறிவர்.

இனி வெளிநாட்டுக்குச் சென்ற தாய்மாரின் வீடுகள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் நாட்டை விட்டு வேலைக்குப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். எமது தோட்டங்களிலிருந்தும் பெண்கள் மத்திய கிழக்குக்குப் போனார்கள். அதற்கு முன்பும் போனார்கள். 2013இல் அரசாங்கம் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறைப்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாதிருந்தது. 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. அந்த அறிக்கை தாயைப் பற்றியது. வெளிநாடு போகும் தகப்பனிடம் அப்படியொரு அறிக்கையை எவரும் கேட்டதில்லை. நாம் மேலே ஒத்துக்கொண்ட பிழையை அரசாங்கமும் தன் பங்குக்குச் செய்தது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

தாய் போன வீட்டில் தகப்பன் குடித்துச் சீரழிவான், பிள்ளைகள் நாசமாவார்கள் என்பது எல்லாரும் சொல்லும் கதை. அப்படியும் நடக்கிறது. ஆனால் அப்புத்தளைப் பகுதியில் நாம் அறிந்த ஒரு தகப்பன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் காலையில் தலைவாரி இரட்டைப் பின்னல் போடப் பழகியிருந்தார். யாராவது இஸ்தோப்புப் பக்கம் வந்தால் சீப்பை ஒளித்துவிடுவார். பொம்பளை வேலை செய்கிறான் என்று சொல்வார்களாம். மனைவியோ குவைத்திலிருந்து கைத்தொலைபேசியில் பிள்ளைகளின் பின்னலைப் பார்த்துவிட்டு, "யாரு போட்டது? கோணலா இருக்கு" என்று மாத்திரம் கேட்பார். பிள்ளைகளைத் தான் கைவிட்டு வந்துவிட்டேன் என்ற குற்றவுணர்வு அவருக்கு. அதனால் கணவர் செய்வதெல்லாம் குறையாகவே தெரிந்தது. தான் ஓர் ஆம்பளையாக உழைத்துப் போடாமல் மனைவியை அனுப்பிவிட்டேன் என்ற வெட்கம் இவருக்கு. அதனால் அந்த ஒரு வசனம் மூன்று நாளுக்குப் போதுமான புண்ணாயிற்று. இருவரும் நல்லவர்கள். ஒருவர் மற்றவரை வெறுக்கவில்லை. தங்களைத் தாங்களே வெறுத்துக் கொண்டிருந்தார்கள்.

பசறைத் தாய் சொன்னதில் கடைசிப் பகுதியை இங்கே திரும்பவும் எடுக்க வேண்டும். "அடிச்சிட்டு ராத்திரி முழுக்க அழுவுறேன்." நல்ல தாய், மனம் வருந்துகிறாள், அதுவே திருந்துவதற்கு முதற்படி என்றுதான் குருமடத்தில் படித்த எமக்குத் தோன்றும். ஆனால் அவள் மறுநாள் அடிக்காமல் இருந்தாளா? இல்லை. இரவெல்லாம் தன்னைப் பாவி, கேடுகெட்டவள் என்று ஏசிக்கொண்டவள், தூக்கமின்றி எழுந்து, களைத்துப்போய் மாலையில் வீடு வந்து, முன்னையிலும் விரைவாகக் கையை ஓங்கினாள். தன்னைத் தானே சாட்டையால் அடிப்பவர் மற்றவரிடம் மென்மையாக நடக்கும் பலம் உள்ளவராக இருப்பதில்லை.

கிறிஸ்டின் நெப் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003இலிருந்து இதைப் பற்றி எழுதி வருகிறார். பௌத்த சிந்தனையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட கருத்து இது. இதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடிச் சிரமப்பட்டோம். 'தன்னிரக்கம்' என்றால் தன்னையே நினைத்துப் புலம்புவது என்று பொருளாகிவிடும். அவர் சொல்வது அதற்கு நேர் மாறானது. 'தன்பரிவு' என்று வைத்துக்கொள்கிறோம். தவறு செய்த நண்பனிடம் நாம் பேசுகின்ற விதத்தில் நம்மோடும் பேசுவது. இந்தத் துன்பம் எனக்கு மட்டும் விதிக்கப்பட்டதல்ல, மனிதருக்குப் பொதுவானது என்று உணர்வது. நடந்ததை மறைக்காமலும் பெரிதுபடுத்தாமலும் உள்ளபடி பார்ப்பது. அவருடைய விளக்கத்தின் சாரம் இவ்வளவே. அவரும் பெரெட்வாஸ் என்பவரும் 104 தம்பதியரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், தன்பரிவு உள்ளவர்களைப் பற்றி அவர்களுடைய துணைவரே நல்ல சாட்சி சொன்னார்கள்: கூடுதல் அன்பு, கூடுதல் ஏற்றுக்கொள்ளல், குறைவான அதிகாரம். தம்மை மன்னிக்கத் தெரிந்தவர்கள் மற்றவரை ஆட்டிப்படைக்க அவ்வளவாக முயலவில்லை.

இதில் கிறிஸ்தவனுக்குப் புதுமை ஏதும் இருக்கக் கூடாது. அயலானை நேசிக்கச் சொன்ன ஆண்டவர் அதற்கு அளவாக வைத்தது நாம் நம்மை நேசிப்பதைத்தான். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில், பிறரை மன்னிப்பதற்குத் தன்னை விளங்கிக்கொண்டு தன்னையே மன்னிக்கும் அனுபவம் தேவை என்று குடும்பங்களுக்கு எழுதினார். இருந்தும், எமது பிரசங்கங்களில் தோட்டத்துப் பெண்களுக்கு நாம் ஊட்டியது பொறுமை ஒன்றையே. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மனைவி கணவனின் குடியைப் பற்றி முறையிட வந்தபோது, "நீங்கள் இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் அவர் மாறுவார்" என்று நாம் சொல்லி அனுப்பினோம். அவர் மாறவில்லை. தன் பொறுமை போதவில்லை என்று அந்தப் பெண் நம்பினார். தன் மூத்த மகன் பதினான்கு வயதில் படிப்பை விட்டுக் கொழும்பில் கடையொன்றுக்கு வேலைக்குப் போனபோதும், "நான் சரியா இருந்திருந்தா" என்றே எம்மிடம் சொன்னார். அந்த வார்த்தையை அவருக்குக் கொடுத்தவர் நாம்.

ஆண்களிடத்தில் இது வேறு முகம் காட்டுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை புலமைப்பரிசில் பயிற்சிப் புத்தகத்தோடு தகப்பனிடம் வருகிறது. தகப்பன் மூன்றாம் வகுப்போடு நின்றவர். "எனக்குத் தெரியாது, வா, ரெண்டு பேரும் அடுத்த வீட்டு அக்காகிட்ட கேட்போம்" என்று சொல்வதற்கு ஒரு மனத்துணிவு வேண்டும். தன்னைத் தாழ்வாக நினைக்கிறவருக்கு அது வராது. "போடா, தொந்தரவு பண்ணாத" என்பது எளிது. பிள்ளை தாயிடம் போகும். தாய், "அவருக்கு என்னா தெரியும்" என்பாள். தகப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கடையடிக்கு இறங்குவார். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் தலையிடுவது? நாம் இதுவரை தாயின் வாயில் தலையிட்டோம். தகப்பனின் வெட்கத்தைத் தொட்டதே இல்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. எம்மோடு வேலை செய்யும் நண்பர்களே, "சம்பளப் பிரச்சினை இருக்கும்போது மனத்திருப்தி, தன்பரிவு என்று பேசுவது பணக்காரர் வீட்டுப் பேச்சு" என்கிறார்கள். நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபா ஆனது. 2024இல் 1350 ஆக்கப்பட்டது. இரண்டுக்கும் எத்தனை போராட்டம் என்பதை நாம் மறக்கவில்லை. வறுமை கணவன் மனைவி உறவை அரிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் சம்பளம் கூடிய மாதத்தில் வீட்டுச் சண்டையும் கூடியதை நாம் கண்டிருக்கிறோம். கூடிய காசு யாருக்கு என்பதே சண்டை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. "தன்னை மன்னிக்கச் சொன்னால் குடிகாரனுக்கு வசதியாகிவிடும். 'நானும் மனுசன்தானே' என்று சொல்லிக்கொண்டு மறுபடி அடிப்பான்." இதைச் சொன்னவர் ஒரு குடும்பநல உத்தியோகத்தர், அனுபவம் பேசியது. தன்பரிவு என்பது உள்ளதை உள்ளபடி பார்ப்பதையும் உள்ளடக்கியது என்றோம். அடித்தவன் தான் அடித்ததைப் பார்க்க மறுத்தால் அது பரிவல்ல, சாட்டு. அடி விழும் வீட்டில் நாம் திருப்தியைப் பற்றியோ, சேர்ந்து பிள்ளை வளர்ப்பதைப் பற்றியோ முதலில் பேசக் கூடாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான 1938, சிறுவருக்கான 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்களைப் பிள்ளைக் காம்பராச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க நிர்வாகங்கள் தடை சொல்லக் கூடாது. அடிபடும் பெண்ணைச் சமாதானம் பேசி அதே காம்பராவுக்குத் திருப்பி அனுப்பும் வழக்கத்தைத் தோட்டத் தலைவர்களும், நாமும், நிறுத்த வேண்டும்.

ஆனால் எல்லா வீடும் அடி விழும் வீடல்ல. களைத்துப்போன, பேச மறந்துபோன வீடுகளே அதிகம். அவற்றுக்காகவே எமது யோசனை. தாய்மாருக்கு மாத்திரம் நடத்தும் பிள்ளை வளர்ப்பு வகுப்புகளை நாம் நிறுத்திவிட வேண்டும். நிதி கொடுக்கும் நிறுவனங்கள் எத்தனை தாய்மார் பயிற்சி பெற்றார்கள் என்று எண்ணிக்கை கேட்கும். அந்த எண்ணிக்கை குறையும். குறையட்டும். ஸ்பெயினில் கபிரியேல் கால்வோ அடிகள் 1962இல் தம்பதியருக்காகத் தொடங்கிய வார இறுதி ஒன்றுகூடல்கள் உலகெங்கும் பலருக்கு உதவின. நகரத்துப் பங்குகளில் நாமும் பார்த்திருக்கிறோம். தோட்டத்துக்கு அந்த வடிவம் பொருந்தாது. இரண்டு நாள் வீட்டை விட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது? சனிக்கிழமைப் பேர் போனால் யார் கொடுப்பது? லயத்துக்குப் பொருந்தியதை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

நாலைந்து குடும்பங்களோடு ஒரு சிறு முயற்சி செய்து பார்த்தோம். ஞாயிறு மாலை, பிள்ளைகள் விளையாடும் நேரத்தில், கணவனும் மனைவியும் ஒன்றாக வந்து உட்கார வேண்டும். பேச்சாளர் கிடையாது. முதல் வேலை, அந்த வாரம் மற்றவர் பிள்ளைக்காகச் செய்த ஒன்றைச் சொல்வது. முதல் ஞாயிறு ஒருவராலும் சொல்ல முடியவில்லை, வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். ஒரு கணவர், "இவ செய்றது எல்லாமே அதுதானே, எத சொல்றது" என்றார். மனைவி நிலத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொருவரும் பிள்ளை விடயத்தில் தாம் பிழைத்த ஒன்றைச் சொல்ல, மற்றவர்கள் "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்று சொன்னால் போதும், புத்திமதி சொல்லக் கூடாது என்று விதி வைத்தோம். அந்த விதியை அதிகம் மீறியவர் குருவானவரே. வீட்டில் செய்யக் கொடுத்த ஒரே பயிற்சி, மலையால் வந்ததும் இருவரும் இஸ்தோப்பில் சேர்ந்து ஒரு தேத்தண்ணி குடிப்பது, அதை இருவரில் முதலில் வீடு வருபவர் ஊற்றி வைப்பது. பெரும்பாலும் ஆண்தானே முதலில் வருகிறார்! இரண்டு குடும்பம் அதைத் தொடர்ந்தது. ஒன்று மூன்றாம் நாளே விட்டுவிட்டது. பக்கத்து வீட்டார் கேலி செய்தார்களாம்.

நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கலாம். பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரத் தகப்பனும் வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். செலவில்லாத காரியம். வேலை முடிந்து பகல் இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பவர் நான்கரை வரைக்கும் மனைவிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தடையென்று எழுதிய சட்டம் எதுவுமில்லை. வழக்கமில்லை, அவ்வளவே.

பசறைத் தோட்டத்துக்கு அடுத்த அறிவித்தலை எழுதிவிட்டோம். 'பெற்றோர்' என்ற சொல்லை வெட்டிவிட்டு, 'கணவனும் மனைவியும்' என்று எழுதியிருக்கிறோம். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, பிற்பகல் இரண்டரை மணிக்கு. தோட்டத் தலைவரிடம் இம்முறை வரவேற்புரை கேட்கவில்லை. தம் மனைவியோடு வந்து மற்றவர்களோடு உட்காரும்படி கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.